ஒரே சாசனத்தில் இரண்டு ஊர்கள்: செராம்பூரும் அதன் மக்களும்

ஓர் ஊரின் வரலாறு யாருடைய வரலாறு? அங்கே கொடி ஏற்றியவனுடையதா, கோட்டை கட்டியவனுடையதா, அன்றி அவ்வூரின் தெருக்களில் குடியேறி, உழைத்து, பிள்ளைகளை வளர்த்து, அம்மண்ணிலேயே மறைந்த எளிய மாந்தருடையதா? பிறந்த மண்ணை விட்டு நெடுந்தொலைவு வந்து வங்கத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்களாகிய நமக்கு இவ்வினா வெறும் ஏட்டு வினா அன்று. நம் பேரப் பிள்ளைகள் ஒரு நாள் நம்மைப் பார்த்துக் கேட்கப்போகும் வினாவும் இதுவேயாகும்.

இதற்கு விடை தேட நாம் தொலைவிடம் செல்ல வேண்டுவதில்லை. ஹவுரா நிலையத்தில் லோக்கல் வண்டி ஏறினால் முக்கால் மணி நேரத்துக்குள் இறங்கிவிடலாம். ஹுக்ளி ஆற்றின் மேற்குக் கரையில், பாரக்பூருக்கு நேர் எதிரே, ஹுக்ளி மாவட்டத்தின் ஓர் உட்கோட்டத் தலைநகராக விளங்குவது செராம்பூர். வங்காளியர் ஸ்ரீராம்பூர் என்பர். தமிழ்க் கிறித்தவ நூல்களிலும் கல்வி நூல்களிலும் செராம்பூர் என்றே வழங்கி வருவதால் நாமும் அவ்வாறே வழங்குவோம். கல்கத்தாவின் பெருநகர்ப் பகுதிக்குள் அடங்கிய இச்சிறு நகரில், 2011ஆம் ஆண்டுக் கணக்கின்படி 1,81,842 மக்கள் வாழ்ந்தனர். பெருநகரத்தின் நிழலில் நிற்கும் நகரம்தான். ஆயினும் அதற்கெனத் தனித்த வரலாறு ஒன்று உண்டு. அவ்வரலாற்றின் முதல் இழை நம் தஞ்சைக் கடற்கரையிலிருந்து புறப்பட்டது என்பது நம்மிற் பலரும் அறியாத செய்தி.

கொடிகளுக்கு முன்

ஐரோப்பியர் வந்த பின்னரே இவ்வூர் பிறந்தது என்று எண்ணுதல் பிழை. இன்றைய நகரின் ஒரு பகுதியாகிய மாஹேஷ், ஜகந்நாதர் தேர்த்திருவிழாவால் வங்கமெங்கும் பெயர் பெற்றது. இவ்விழா 1396ஆம் ஆண்டு முதல் நடைபெற்று வருவதாக மரபு கூறுகிறது. பூரிக்கு அடுத்த பழமையுடைய தேர் இதுவே என்பது இவ்வூராரின் பெருமை. இன்று ஓடும் இரும்புத் தேர் 1885இல் செய்யப்பட்டது. ஏறத்தாழ 50 அடி உயரமுடையது. பங்கிம் சந்திரர் 'ராதாராணி' என்னும் தம் கதையின் தொடக்கத்தை இத்தேர்த் திருவிழாவிலேயே அமைத்திருக்கிறார்.

ஆக, ஸ்ரீபுரம், ஆக்னா, பியாராபுரம், மாஹேஷ் முதலிய சிற்றூர்கள் ஆற்றங்கரையில் முன்பே இருந்தன. உழவரும் நெசவாளரும் படகோட்டிகளும் இருந்தனர். வணிகக் கும்பினிகள் வந்து இறங்கியது வெற்று நிலத்தில் அன்று.

தரங்கம்பாடியிலிருந்து வந்த கொடி

1620இல் தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் இசைவு பெற்று டேனியர் தரங்கம்பாடியில் கோட்டை கட்டினர். இது நம் பள்ளிப் பாடத்தில் உள்ள செய்தி. பாடம் அத்துடன் நின்றுவிடும். டேனியர் அத்துடன் நிற்கவில்லை. வங்கத்தின் துணியும் பட்டும் வெடியுப்பும் ஐரோப்பிய வணிகர் அனைவரையும் ஹுக்ளி ஆற்றுக்கு இழுத்த காலம் அது. சின்சுராவில் டச்சுக்காரரும், சந்தன்நகரில் பிரெஞ்சுக்காரரும், கல்கத்தாவில் ஆங்கிலேயரும் காலூன்றினர். டேனியர் சந்தன்நகரை அடுத்த கோந்தல்பாடாவில் முதலில் ஒரு பண்டகசாலை அமைத்து, நடத்த இயலாமல் 1714இல் கைவிட்டுச் சென்றனர்.

மறுமுயற்சி 1755இல் நடந்தது. தரங்கம்பாடியிலிருந்த டேனிய அதிகாரிகள் தம் ஆளை அனுப்பி, நவாப் அலிவர்தி கானிடம் வணிகம் செய்யப் பர்வானா பெற்றனர். ஸ்ரீபுரத்திலும் ஆக்னாவிலுமாக 60 பிகா நிலம் கைக்கு வந்தது. சியோராபுலி ஜமீனிடமிருந்து அக்கம்பக்கத்து ஊர்களைக் குத்தகைக்குப் பெற்றனர். தங்கள் மன்னர் ஐந்தாம் பிரடெரிக்கின் பெயரால் ஊருக்கு பிரடெரிக்ஸ்நகர் என்று பெயரிட்டனர். காவிரிப்பூம்பட்டினத்துக்கு அண்மையிலுள்ள ஒரு கடற்கரையூர், கங்கைக் கரையில் ஒரு நகருக்கு வித்திட்ட கதை இது. ஆணைகள் தரங்கம்பாடியிலிருந்து வந்தன. கணக்குகள் தரங்கம்பாடிக்குச் சென்றன.

1777இல் டேனியக் கும்பினியின் கையிலிருந்து ஊர் டேனிய அரசின் நேர் ஆட்சிக்கு மாறியது. ஓலே பீ என்னும் அதிகாரி நெடுங்காலம் ஆளுநராக இருந்து ஊரைச் செப்பம் செய்தார். ஐரோப்பிய வல்லரசுகள் தம்முட் போரிட்ட ஆண்டுகளில் டென்மார்க் நடுநிலை நின்றமையால், டேனியக் கொடி பறந்த கப்பல்களில் வணிகம் பெருகியது. ஆங்கிலக் கும்பினியின் ஊழியர்களே தாம் மறைவாக ஈட்டிய பொருளை டேனியக் கப்பல் வழியாக ஐரோப்பாவுக்கு அனுப்பினர். கல்கத்தாவில் கடன்பட்டு, கடன்காரருக்கு அஞ்சி ஓடியவர்களுக்கும் இவ்வூரே புகலிடமாயிற்று. ஆங்கில நீதிமன்றத்தின் ஆணை டேனிய எல்லைக்குள் செல்லாது அன்றோ? வந்தாரை வாழ வைக்கும் ஊர் என்னும் பெயர் இதற்கு அன்றே பொருந்தியது.

நடுநிலை நீடிக்கவில்லை. 1801இல் சிறிது காலமும், பின்னர் 1808 முதல் 1815 வரையும் ஆங்கிலேயர் இவ்வூரைக் கைப்பற்றி வைத்திருந்தனர். அந்த ஏழாண்டுகளில் டேனிய வணிகம் வேரற்றுப் போயிற்று.

அச்சும் காகிதமும்

வணிகம் நலிந்த அதே காலத்தில் செராம்பூர் வேறொரு வகையில் புகழ் பெற்றது. தன் எல்லைக்குள் சமயப் பணியாளர் தங்குவதை ஆங்கிலக் கும்பினி விரும்பவில்லை. டேனியர் இடந்தந்தனர். 1799இல் மார்ஷ்மனும் வார்டும் இங்கு வந்தனர். 1800 சனவரியில் வில்லியம் கேரி வந்து சேர்ந்தார். அவர்கள் நிறுவிய அச்சகம் ஏறத்தாழ 40 மொழிகளில் நூல்களை அச்சிட்டது. வங்க எழுத்துகளை உலோகத்தில் வடித்த பஞ்சானன் கர்மாக்கரும், அவருக்குப் பின் அவர் மருமகன் மனோகரும் அவ்வச்சகத்தின் உயிர்நாடியாக விளங்கினர். 1812 மார்ச்சில் அச்சகம் தீக்கிரையாயிற்று. எரிந்த உலோகத்தை உருக்கி, மீண்டும் எழுத்து வார்த்து, சில திங்களிலேயே பணி தொடர்ந்தது. 1813இல் தமிழ்ப் புதிய ஏற்பாட்டின் பதிப்பொன்று இங்கு அச்சாயிற்று. 1818 மே திங்களில் 'சமாசார் தர்ப்பண்' என்னும் வங்காள வார இதழ் வெளிவந்தது. அதே ஆண்டில் இங்குத் தோன்றிய 'பிரண்ட் ஆப் இந்தியா' என்னும் ஆங்கில இதழ்தான் பின்னாளில் கல்கத்தாவின் 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழோடு இணைந்தது.

இங்கே தமிழன்பர்கள் ஓர் ஒப்புமையைக் கருத வேண்டும். 1706இல் தரங்கம்பாடி வந்த சீகன்பால்கு அங்கே தமிழ் அச்சகம் நிறுவினார். அச்சுக்குக் காகிதம் வேண்டுமென்று பொறையாற்றில் காகிதப் பட்டறை தோன்றியது. கடுதாசிப்பட்டறை என்னும் இடப்பெயர் அதன் நினைவாக நிற்கிறது. நூறாண்டு கழித்து, டேனியரின் மற்றோர் ஊராகிய செராம்பூரிலும் அச்சகத்தைத் தொடர்ந்து காகித ஆலை வந்தது. தொடக்கத்தில் அவ்வாலையின் சக்கரத்தை நாற்பது ஆட்கள் முறைவைத்து மிதித்துச் சுழற்றினர். அவருள் ஒருவர் பொறியில் சிக்கி மாண்டதன் பின்னரே, 1820இல் இங்கிலாந்திலிருந்து நீராவிப் பொறி வருவிக்கப்பட்டது. நீராவிப் பொறியின் ஆண்டை நாம் இன்றும் சொல்கிறோம். அம்மனிதரை நினைப்பார் இலர். இக்கட்டுரையின் மையக் கருத்து இதுவே என்பதால், அன்பர்கள் இதனை மனத்திற் கொள்ளுமாறு வேண்டுகிறோம்.

1818இல் 37 மாணவர்களோடு தொடங்கிய செராம்பூர்க் கல்லூரிக்கு, 1827இல் டென்மார்க் மன்னர் ஆறாம் பிரடெரிக் பட்டமளிக்கும் உரிமைச் சாசனம் வழங்கினார். அவ்வுரிமை இன்றும் உயிரோடு இருக்கிறது. மதுரை அரசரடியிலுள்ள இறையியல் கல்லூரியிலும் சென்னையிலுள்ள குருகுலத்திலும் பயின்று வெளிவருவோர் பெறும் பட்டம் செராம்பூர்ப் பட்டமே. தென்பாண்டி நாட்டுச் சிற்றூர் ஒன்றில் ஆயர் பணி புரிபவரின் வீட்டுச் சுவரில், சட்டமிட்டு மாட்டிய தாளில், நம் ஹுக்ளிக் கரை ஊரின் பெயர் காணப்படுவதன் காரணம் இதுதான்.

விலைக்குப் போன ஊர்

1845 பிப்ரவரி 22ஆம் நாள் கையெழுத்தான ஓர் உடன்படிக்கையின் வழி, டென்மார்க் தன் இந்திய நிலங்களை ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பினிக்கு விற்றது. விலை பன்னிரண்டரை இலட்சம் ரூபாய். தரங்கம்பாடியும் செராம்பூரும் ஒரே சாசனத்தில் கைமாறின. அவ்வாண்டு அக்டோபரில் செராம்பூரிலும் நவம்பரில் தரங்கம்பாடியிலும் டேனியக் கொடி இறங்கியது. கல்லூரியின் சாசன உரிமை நீடிக்கும் என்பதற்கு அவ்வுடன்படிக்கையிலேயே ஒரு விதி சேர்க்கப்பட்டது. கட்டிடங்களுக்கும் நிலத்துக்கும் கணக்கு இருந்தது. ஊரில் வாழ்ந்த மக்களை எவரும் கேட்கவில்லை. காவிரிக் கழிமுகத்து மீனவரும் கங்கைக் கரை நெசவாளரும், தாம் இன்னார் குடிகள் என்பது மாறிவிட்டதைக் கொடி மாறிய பின்னரே கண்டிருப்பர்.

கோப்புகளின் நடுவே வாழும் எம் போன்றோர்க்கு இத்தகைய ஆவணங்களின் இயல்பு நன்கு தெரியும். சொத்து விவரம் ஒன்று விடாமல் அட்டவணையில் ஏறும்; மனிதர் அட்டவணைக்கு வெளியே நிற்பர். மனிதர் ஏட்டில் ஏறுவதற்கு வேறொரு கணக்கு வர வேண்டியிருந்தது.

ஆலைகளும் குடிக்கணக்கும்

1854 ஆகஸ்டு 15ஆம் நாள் ஹவுராவிலிருந்து ஹுக்ளிக்கு முதல் ரயில் ஓடியது. இடைநிலையங்களில் செராம்பூரும் ஒன்று. மறு ஆண்டே, 1855இல், அண்டையிலுள்ள ரிஷ்ராவில் இந்தியாவின் முதல் சணல் ஆலை தொடங்கியது. 1865இல் செராம்பூர் நகராட்சி அமைந்தது. ஆற்றோரத்தில் டேனியர் மாளிகைகள் இருந்த வரிசைக்கு அருகே புகைபோக்கிகள் எழுந்தன. சுதேசிக் கிளர்ச்சியின்போது, 1906இல், வங்கலட்சுமி பஞ்சாலை இங்கு நிறுவப்பட்டு, அயல்நாட்டுத் துணிக்கு எதிரான இயக்கத்தின் அடையாளமாயிற்று.

இனி மக்கள் தொகையை நோக்குவோம். 1872இல் எடுத்த முதற் கணக்கில் நகரின் மக்கள் 24,440. 1881இல் 25,559. ஒன்பதாண்டில் கூடியது ஆயிரத்துச் சொச்சமே. பர்த்வான் காய்ச்சல் என்னும் கொள்ளைநோய் ஹுக்ளி மாவட்டத்தைச் சூறையாடிய காலத்தை அடுத்த ஆண்டுகள் அவை என்பதை இங்கே நினைவிற் கொள்ள வேண்டும். அடுத்த கணக்கில் காட்சி மாறுகிறது. 1891இல் 35,952; பத்தாண்டில் நூற்றுக்கு நாற்பது வீதத்துக்கு மேல் வளர்ச்சி. 1901இல் 44,451. முதற் கணக்கோடு ஒப்பிட்டால் 20,011 பேர் அதிகம். இவ்வளவு பேர் முப்பதாண்டுக்குள் ஊரிலேயே பிறந்து பெருகிவிட இயலாது. வந்தவர் பலர் என்பது வெளிப்படை.

யார் அவர்கள்? சணல் ஆலைகளின் தொடக்க நாட்களில் வேலை செய்தோர் பெரும்பாலும் வங்காளியரே. நூற்றாண்டின் இறுதிக்குள் நிலை மாறியது. பீகாரின் மாவட்டங்களிலிருந்தும், அன்றைய ஐக்கிய மாகாணத்தின் கீழ்ப்பகுதியிலிருந்தும், ஒரிசாவிலிருந்தும் தொழிலாளர் திரள் திரளாக ஹுக்ளிக் கரைக்கு வந்தனர். அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த கஞ்சம், விசாகப்பட்டின மாவட்டங்களிலிருந்து தெலுங்கர் பலர் வந்தனர். இங்கே அவர்களுக்கு வழங்கிய பெயர் 'மதராஸி' என்பதே. பிற்காலத்தில் நமக்கும் கிடைத்த அப்பெயரை, நமக்கு முன்னரே சணல் தூசியில் நின்று சுமந்தவர்கள் அவர்கள்.

சர்தார் என்னும் ஆள்கட்டுபவர் வழியே வேலை கிடைத்தது. ஆலையை ஒட்டிய 'லைன்' வீடுகளில் ஓர் அறைக்குப் பலராகத் தங்கினர். திங்கள்தோறும் அஞ்சலகத்தில் மணியார்டர் கட்டி ஊருக்குப் பணம் அனுப்பினர். கோடை வந்ததும் விடுப்புப் பெற்று ஊர் திரும்பி, மழை தொடங்கியபின் மீண்டும் வந்தனர். கோடை விடுமுறைக்குப் பல திங்கள் முன்பே சென்னை மெயிலில் இடம் பதிவு செய்ய வரிசையில் நின்ற நம் தலைமுறைக்கு இந்த வாழ்க்கை புதிதன்று. நம் கையில் பேனா இருந்தது, அவர்கள் கையில் தறி இருந்தது என்பதே வேறுபாடு. மனம் இரண்டு இடத்தில் வாழ்ந்தது இருவர்க்கும் பொது.

1947இல் நாடு பிளவுண்டபோது மற்றோர் அலை வந்தது. கிழக்கு வங்கத்திலிருந்து வீடு வாசல் இழந்து வந்தோர் ஹுக்ளிக் கரை நகர்களிலெல்லாம் குடியேறினர். செராம்பூரும் அவர்களை ஏற்றது. ஆலைக்கு வந்தவருக்குத் திரும்பிச் செல்ல ஊர் இருந்தது. இவர்களுக்கு அதுவும் இல்லை. ஆகவே இவர்கள் வந்த நாள் முதலே இவ்வூர்க்காரராயினர். இவ்வாறு பலரும் வந்து சேர்ந்ததால், 1901இல் 44,451 ஆக இருந்த தொகை, 2001இல் ஏறத்தாழ ஓர் இலட்சத்து 98 ஆயிரமாக உயர்ந்தது.

ஆனால் அடுத்த கணக்கு நம்மைத் திகைக்க வைக்கிறது. 2011இல் 1,81,842. பத்தாண்டில் ஏறத்தாழ 16,000 பேர் குறைந்தனர். நாட்டின் மக்கள் தொகை கூடிக்கொண்டிருந்த ஆண்டுகளில் ஒரு நகரின் தொகை குறைவது சிறு செய்தியன்று. சணல் தொழில் நெடுங்காலமாக நலிந்து வருவதும், ஆலைகள் மூடுவதும் திறப்பதுமாகத் தள்ளாடுவதும் ஹுக்ளிக் கரையில் கண்கூடு. வேலை தேடி வந்தவரால் வளர்ந்த ஊர், வேலை குன்றும்போது எவ்வாறு நிலைத்து நிற்கும் என்பதே இன்று செராம்பூரின் முன்னுள்ள வினா.

கற்களுக்குக் கிடைத்த வாழ்வு

அண்மைக் காலத்தில் ஒரு நற்செய்தியும் உண்டு. 1806இல் கட்டி முடிந்த புனித ஓலாவ் தேவாலயம் பாழடைந்து கிடந்தது. 2008 முதல் டென்மார்க் தேசிய அருங்காட்சியகம் நம் நாட்டு அமைப்புகளோடு கைகோத்துச் செராம்பூரின் பழங்கட்டிடங்களைச் செப்பனிடத் தொடங்கியது. தேவாலயம் 2016இல் மீண்டும் திறக்கப்பட்டு, அவ்வாண்டே யுனெஸ்கோவின் மரபுப் பாதுகாப்பு விருதைப் பெற்றது. 1786இல் தோன்றிய ஆற்றங்கரை விடுதியும் செப்பனிடப்பெற்று 2018இல் திறக்கப்பட்டது. தரங்கம்பாடிக் கோட்டையும் இவ்வாறே சீர்பெற்றது. ஒரே சாசனத்தில் விற்கப்பட்ட இரண்டு ஊர்களும், ஒரே காலத்தில் நினைவுகூரப்பட்டன எனலாம்.

இது போற்றத்தக்க பணியே. ஆயினும் ஒன்று சொல்லாமல் இருக்க இயலவில்லை. இவ்வூரில் டேனியக் கொடி பறந்தது 90 ஆண்டு. ஆலைத் தொழிலாளரின் காலம் அதனினும் நெடியது. ஆளுநர் மாளிகைக்கு நினைவுப் பலகை உண்டு. பல தலைமுறைகள் வாழ்ந்த 'லைன்' வீடுகளுக்கு அது உண்டா? நகரை இரட்டிப்பாக்கியவர்கள் கணக்கேட்டில் ஓர் எண்ணாக மட்டுமே நிற்கின்றனர். காரணம் எளிது. ஆண்டவர்கள் எழுதி வைத்தார்கள். உழைத்தவர்கள் எழுதி வைக்கவில்லை.

நாம் செய்யத்தக்கது

செராம்பூர் நமக்குக் காட்டும் உண்மை இது. மன்னர், கும்பினி, வல்லரசு என வந்தவர்கள் யாவரும் ஒரு கையெழுத்தில் விலகிச் சென்றனர். பிழைப்புத் தேடி வந்தவர்களே தங்கி ஊரை உருவாக்கினர். ஆகவே வந்தவர் எல்லாரும் அயலார் என்று கூறுவது வரலாற்றுக்குப் பொருந்தாது. எந்த ஊருக்கு நம் உழைப்பைத் தந்தோமோ அந்த ஊரின் வரலாற்றில் நமக்கும் பங்கு உண்டு. அப்பங்கை எழுதி வைக்கும் கடமையும் நம்முடையதே.

கல்கத்தாத் தமிழர்க்கு இன்று இரண்டு பணிகள் உள்ளன. முதலாவது, குடிக்கணக்கு எடுப்போர் வீடு தேடி வரும்போது தாய்மொழி என்னும் கட்டத்தில் தமிழ் என்று தயங்காமல் சொல்லிப் பதியச் செய்தல். 2021இல் எடுக்கப்பட வேண்டிய கணக்கு அவ்வாண்டு எடுக்கப்படவில்லை. எனவே அடுத்து வரும் கணக்கில் நம் வீட்டு இளையோரின் விடை மிக முதன்மையானது. வங்காளம் சரளமாகப் பேசுகிறோம் என்பது பெருமையே. அதனால் தாய்மொழி மாறிவிடாது.

இரண்டாவது, ஒவ்வொரு குடும்பமும் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக்கொள்ளுதல். எந்த ஊரிலிருந்து, எந்த ஆண்டில், யார் முதலில் வந்தார். எங்கே வேலை பார்த்தார். எந்தத் தெருவில் முதலில் குடியிருந்தார். பிள்ளைகள் எங்கே படித்தனர் என நாலு பக்கம் எழுதினால் போதும். முதியோர் இருக்கும்போதே கேட்டு எழுத வேண்டும். அத்தகைய நூறு நோட்டுகள் சங்க நூலகத்தில் சேருமானால், கல்கத்தாத் தமிழர் வரலாற்றை எழுத வரும் நாளைய ஆராய்ச்சியாளர் வெறும் எண்களோடு மல்லாட வேண்டியிராது.

காகித ஆலையில் சக்கரம் மிதித்து மாண்டவரின் பெயரை நம்மால் இனி மீட்க இயலாது. நம் வீட்டுப் பெரியவர்களின் பெயர்கள் இன்னும் நம் நாவில் இருக்கின்றன. அவற்றை ஏட்டில் ஏற்றுவோமாக.